பத்தாம் நம்பர் கூண்டு

பாம்பன் துறைமுகத்துக் கம்பத்தில்
ஒன்றாம் நம்பர் கூண்டு ஏறினால்
தங்கச்சிமடத்தில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.
மூன்றுக்கு வலையைச் சுருட்டுவோம்.
பத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும்
வீட்டுக்குள் குரல் தானாகத் தணியும்.

சஹர்பானு மூன்று தாள்களை விரித்தாள்.
காற்றில் பறக்காமலிருக்க
ஒவ்வொன்றின் மேலும் ஓர் ஈயக்குண்டு,
நான் பொத்திக்கொண்டிருந்த வலையிலிருந்து எடுத்தது.
மண்டபத்திலிருந்து ஸ்கூட்டியில் கூடவே வந்த வெயில்
இன்னும் அவள் முகத்தைவிட்டு இறங்கவில்லை.

முதல் தாள் காய்ச்சலுக்குக் கொடுக்கும்,
பல் பிடுங்கக் கொடுக்கும், கண்ணாடி மாற்றக் கொடுக்கும்.
புல்வெளியில் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டிருந்தது.
எல்லாம் சேர்த்து ஒரு லட்சம்.
கிளாட்வினுக்கு அதுதான் பிடித்தது.
"கட்டுன காசு கண்ணுல தெரியுதுல்ல."

இரண்டாவதை அவளே மடித்து வைத்துவிட்டாள்.

மூன்றாவதில் படமில்லை.
முதல் ஐம்பதாயிரம் உன் பாடு என்றது,
அதற்கு மேல் இருபது லட்சம் வரை என் பாடு என்றது.

கணுக்கால் அலைக்கு எவன் கயிறு கட்டுவான்?
காய்ச்சல் மாத்திரைக்கு ஒரு கூடை நண்டு போதும்.
கடல் வாசலேறி அடுப்பை அணைக்கிற ராத்திரிக்கு
என்னிடம் என்ன இருக்கிறது?

கேட்டேன்:
அறை வாடகைக்கு வரம்பு உண்டா?
ராமநாதபுரத்தில் எந்த ஆஸ்பத்திரி, மதுரையில் எது?
பில்லில் பாதியை எங்கள் தலையில் கட்டுவார்களா?
சஹர்பானு விரல் வைத்துக் காட்டினாள்.
பொடி எழுத்து, சூடைக்குஞ்சு போல,
பிடிக்கப் பிடிக்க நழுவியது.

பாரத்தில் ஒரு கட்டம்: சர்க்கரை உண்டா?
"இல்லைன்னு போடு. யாருக்குத் தெரியப் போகுது?"
காலையில்தான் அந்த வாய் மாத்திரை விழுங்கியது.
சஹர்பானு பேனாவை மூடினாள்.
"அண்ணே, பணம் தராம இருக்க
கம்பெனிக்கு இந்த ஒரு பொய் போதும்."
பேனாவை வாங்கி 'ஆம்' என்று எழுதினேன்.
சர்க்கரையால் வருவதற்கு மூன்று வருஷம் பொறுக்க வேண்டும்.
தவணையும் ஏறியது.
கிளாட்வின் எழுந்து கடற்கரைக்குப் போய்விட்டான்.

எங்கள் வல்லத்துக்கு நீலப் பெயிண்ட்.
அதற்கு அடியில் பச்சை.
அணியத்தில் 'ஆரோக்கிய மாதா' என்று எழுதியிருக்கிறோம்;
வெயில் சாயும்போது அதற்குள்ளிருந்து
'ரெக்சிலின்' என்று இன்னொரு பெயர் மேலே வரும்.
சூசை மிக்கேலின் மகள்.

நாலு வருஷம் முன்பு நடுராத்திரி அவருக்கு நெஞ்சு அடைத்தது.
அரசாங்க அட்டை அவரிடமும் இருந்தது.
பாலம் தாண்டித் தூக்கிக்கொண்டு ஓடிய ஆஸ்பத்திரி
அட்டையின் பட்டியலில் இல்லை.
எந்த வாசல் திறந்திருந்ததோ அதில்தானே நுழைய முடியும்?
ஆறாம் நாள்
வல்லம், எஞ்சின், வலை எல்லாவற்றுக்கும் சேர்த்து
அவர் மனைவி ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று
போனில் விலை சொன்னாள்.
நாங்கள் அதிலும் குறைத்துக் கேட்டோம்.
கிடைத்தது.
அன்று ராத்திரி கறி எடுத்துச் சமைத்தேன்,
பிள்ளைகளிடம் அதிர்ஷ்டம் என்று சொன்னேன்.

இப்போது அதே வல்லத்துக்கு
சூசை மிக்கேல் கூலிக்கு வருகிறார்.
நங்கூரக் கயிற்றை அவர் மட்டும்தான்
சிக்கில்லாமல் சுற்றுவார்.

சஹர்பானு கிளம்பும் நேரம் கிளாட்வின் திரும்பினான்,
கால் நிறைய மணல்.
"மிக்கேலண்ணன் தண்ணி இறைச்சுக்கிட்டிருக்காரு" என்றான்.
வேறொன்றும் சொல்லவில்லை.
பாரத்தை இழுத்து, நான் 'ஆம்' என்று எழுதியிருந்த
கட்டத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டான்.

ரசீதை வல்லத்துப் பதிவுப் புத்தகத்துக்குள் வைத்தேன்.
முதல் பக்கத்தில் சிவப்பு மையால் அடித்த ஒரு பெயர்.
அதன் கீழே எங்கள் பெயர்.
அதற்கும் கீழே
நாலு கோடு காலியாக இருந்தது.